மீனில்லாத கடலைக் காட்டப் போன கதை

வெள்ளைத் துணியில் படம் காட்டிப் பிழைக்கிறவனுக்கு விளக்கு அணைந்தால் பயமில்லை. விளக்கு நன்றாக எரிகிறபோது இருட்டிலிருந்து ஒரு குரல் வருமே, அதற்குத்தான் பயம். ஊர் ஊராகப் போய் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து சம்பளம் வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால் என் பாடு புரியும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். பி.ஏ. முடித்துவிட்டு நாகர்கோவில் ரோடுகளைக் காலால் அளந்துகொண்டிருந்த என்னை, வாசகசாலைக்காரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சங்கம் மாஜிக் லாந்தர் பிரசங்கியாக எடுத்துக்கொண்டது. சீமையிலிருந்து ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிப் படங்கள் வந்திருந்தன. உலகத்தில் முதன்முதலாகக் கடலில் பிராணிகள் பெருகின காலத்துப் படங்கள். அதற்கு முந்தின பாறைகளில் பாசியின் தடத்தைத் தவிர அதிகமாக ஒன்றும் கிடையாது. அப்புறம் திடீரென்று ஓடு, கால், கண், முள், கொடுக்கு என்று கடல் கொள்ளாமல் விதவிதமான ஜந்துக்கள். பெட்டியைத் திறந்து பார்த்த அன்று எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இதைப் போய் நம் ஜனங்களிடம் எப்படிச் சொல்லப் போகிறோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சங்கத்துச் செக்ரட்டரி ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: ஒரு வருஷம் பரீட்சார்த்தம், நடுவில் எந்த ஊரிலிருந்தாவது ஒரே ஒரு புகார் வந்தாலும் லாந்தரை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்த என் தாய்மாமா இன்னொரு நிபந்தனை வைத்தார்: வேலை நிரந்தரமானால்தான் தன் மகள் எஸ்தரை எனக்குக் கட்டித் தருவார். ஆகவே என் சோறும் கல்யாணமும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருந்தன.

சுண்ணாம்பு அடி

முதல் கூட்டம் குலசேகரத்திலேயே அமைந்தது என் கிரகசாரம். முன்வரிசையில் நாற்காலி போட்டு மாமா. பின்னால் தரையில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் குடும்பம் குடும்பமாக. திரைக்கு எஸ்தர் வீட்டு மெத்தை விரிப்பு. பெட்டியில் இருந்த ஒரு ஜந்துவுக்கு ஓடு மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். அதற்கு மும்மடலன் என்று நானே பேர் வைத்திருந்தேன். கை விரல் நீளம்கூட இல்லாத அந்தப் பிராணியை லாந்தர் வண்டிச் சக்கரம் அளவுக்குத் திரையில் போட்டது. வளையம் வளையமாக உடம்பு, அடியில் வரிசையாகக் கால்.

இது செத்துக் கோடி கோடி வருஷமாச்சு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் "அட்டை! அட்டை!" என்று ஒரு கூச்சல். மழைக்காலம் முழுக்க ரப்பர் மரத்து மூட்டில் அட்டைக் கடி பட்டவர்கள் அவர்கள். பெண்கள் காலைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். ஒரு அம்மாள் இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையைத் திறந்து, இருந்த சுண்ணாம்பு அத்தனையையும் வழித்து மும்மடலன் முகத்தில் எறிந்தாள். குறி தப்பவில்லை. இரண்டு பேர் அட்டைமேல் போட உப்பு எடுத்து வர வீட்டுக்கு ஓடினார்கள். கூட்டம் கலைந்ததும் மாமா எழுந்து வந்து, சுண்ணாம்பு வழிகிற விரிப்பை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்தார்.

"மருமவனே, ஒனக்க மிருகம் செத்து கோடி கோடி வருஷமாச்சுன்னு சொன்னியே. பின்னே எதுக்குடே எனக்க சனம் உப்பெடுக்க ஓடுது?"

பாசி தின்ற காலம்

பூதப்பாண்டிப் பக்கம், சுற்றிலும் வயலாக இருக்கிற ஒரு சைவப் பிள்ளைமார் ஊர். கோயில் வாசலில் கடல் ஜந்துவைக் காட்ட வேண்டாம் என்று சொல்லி, அறுப்புக் களத்தில் இடம் கொடுத்தார்கள். அங்கேதான் முதல்முறையாக விஷயத்தின் உள்ளே போனேன். இத்தனை விதமான ஜந்துக்கள் இவ்வளவு சீக்கிரமாக ஏன் உண்டாயின? படித்தவர்கள் பல காரணம் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்த காரணம் வாய். பாசியை மேய்ந்துகொண்டிருந்த ஒன்று, பக்கத்தில் இருந்ததைத் தின்னத் தொடங்கிவிட்டது. தின்னப்படுகிறவன் சும்மா இருப்பானா? ஒருவன் ஓடு போட்டுக்கொண்டான், ஒருவன் முள் வைத்துக்கொண்டான், ஒருவன் மண்ணுக்குள் வளை தோண்டினான், ஒருவன் ஓடுவதற்குக் கால் வளர்த்தான். தின்கிறவன் தேடுவதற்குக் கண் வைத்தான். அதைப் பார்த்து இவனும் கண் வைத்தான். தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போனால் எல்லா வீட்டிலும் தாழ்ப்பாள் மாட்டுகிற மாதிரிதான்.

இதற்கு அத்தாட்சியாக ஒரு படம் உண்டு. மும்மடலன் ஒருவனின் ஓட்டில் ஓரமாக ஒரு கடி, அது ஆறிப்போன வடு. அதைப் போட்டேன். களத்தில் "சீ சீ" என்று சத்தம். பெண்கள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். சிலர் எழுந்து போனார்கள். கடித்தது அந்தக் காலத்தில் என்றாலும் அசிங்கம் இப்போது நடந்த மாதிரிதான் அவர்களுக்கு. முன்னால் உட்கார்ந்திருந்த ஊர்த் தலைவர் பெரிய பிள்ளை நேராக என்னிடம் நடந்து வந்தார். புகார்தான், எஸ்தர் போனாள் என்று லாந்தரை மூடக் கை நீட்டினேன். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டேரா வே, அந்தக் கடிச்ச எளவ விட்டுத் தள்ளும். அதுக்கு முந்தி எல்லாம் பாசியத் தின்னுக்கிட்டுச் சைவமாத்தான் கெடந்துதுன்னு சொன்னீரே, அது வெள்ளைக்காரனுக்கே தெரிஞ்சு போச்சா!"

கடித்தவன் யார்

தக்கலைப் பக்கம் ஒரு சந்தையில் கூட்டம் போட்டேன். அந்த வருஷங்களில் நாலு பேர் சேர்ந்து நின்றாலே போலீஸ்காரர் ஒருவர் வந்து ஓரமாக நிற்பார். அன்றைக்கும் ஒருவர் நின்றார். பெரியது சிறியதைத் தின்னத் தொடங்கியது, சிறியதெல்லாம் விழித்துக்கொண்டு ஓடு கட்டிக்கொண்டது என்று நான் உற்சாகமாகச் சொல்லச் சொல்ல அவர் பக்கத்தில் பக்கத்தில் வந்தார். முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, பெரியது என்று யாரைச் சொன்னீர் என்றார். சர்க்காரைச் சொல்லவில்லை ஐயா, கடல் ஜந்துவைச் சொன்னேன் என்று லாந்தரைத் தொட்டுச் சத்தியம் பண்ணினேன்.

அப்படியானால் கடித்த ஜந்துவின் படத்தைக் காட்டு என்றார். உள்ளதைச் சொன்னேன். கடிபட்டவன் பாறையில் இருக்கிறான், கடி இருக்கிறது, கடித்தவன் இன்னும் அகப்படவில்லை. அவர் முகத்தில் அடித்த மாதிரி பின்வாங்கினார். நான் ராஜத்துரோகம் பேசியிருந்தால்கூட அவ்வளவு புண்பட்டிருக்க மாட்டார்.

"இத்தன கோடி வருஷமா ஆளப் பிடிக்கல்லன்னு சந்தையில நிண்ணு சொல்லுதீரே, கேக்குதவன் போலீஸப் பத்தி என்ன வே நெனைப்பான்?"

உபதேசியார் கேட்டது

எங்கள் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த ஒரு ஊர். நான் வளர்ந்ததும் இப்படிப்பட்ட ஊரில்தான். ஞாயிறு பாடசாலை, பாட்டு, ஜெபம் எல்லாம் அதே மாதிரி. அதனால் தைரியமாகப் போனேன். லாந்தர் என்றால் அங்கே வேதப் படம்தான் வழக்கம். சமுத்திரத்தைப் பார்த்ததும் செங்கடல் பிளக்கப் போகிறது என்று ஜனங்கள் காத்திருந்தார்கள். பிளக்கவில்லை. மும்மடலன் வந்தான், கடல்பஞ்சு வந்தது, குடை மாதிரி மிதக்கிற கடல்சொறி வந்தது, கடைசியில் அந்தக் கடிபட்ட ஓடும் வந்தது. ஜனங்கள் என்னை விட்டுவிட்டுத் தங்கள் உபதேசியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். 

அந்த ஊர் உபதேசியார், சபையில் வேதம் போதிக்கிறவர், மெலிந்த மனுஷர், குரல் உயர்த்தாதவர். அவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். மற்ற ஊர்களில் எனக்கு ஏற்பட்டதெல்லாம் வேலை போய்விடுமே என்கிற பதற்றம். இது வேறு. நெஞ்சுக்குள் எதுவோ இடம் மாறி உட்கார்ந்தது. லாந்தரைப் பார்த்தேன், அது உள்ளே எரிகிற கார்பைடு விளக்கின் நாற்றத்தோடு என்னைப் பார்த்தது. பிறகு பல நாள் ஜெபத்துக்கு முழங்கால் போட்டால் அந்தக் கேள்விதான் முன்னால் வந்து நின்றது. அவர் புகார் எழுதவில்லை. எழுதியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. அவர் கேட்டது இதுதான்:

"ஆதாம் பழத்தத் தின்னதுனால சாவு வந்துதுன்னு நாம படிக்கோம். ஆதாமுக்கு முந்தியே இது அதத் தின்னுதுன்னா, அந்தச் சாவக் கொண்டுவந்தது ஆரு தம்பி?"

ஆடியில் மீனில்லை

வருஷம் முடியப் போகிறது, புகார் ஒன்றும் இல்லை, இனி நமக்கென்ன என்று நினைத்தேன். மிச்சம் இருந்தது இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரை. கடல்காரர்களுக்குக் கடல் படம் காட்டுவதில் என்ன சங்கடம்? என் பெட்டியில் பெரிய படம் ஒன்று இருந்தது. நீலம் தீட்டிய கடலடி. பஞ்சுகள் நிற்கும், கடல்சொறி மிதக்கும், மும்மடலன்கள் ஊரும். அந்த முதல் கடலில் மீன் மட்டும் கிடையாது. மீன் வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. இதைச் சொன்னால் கடல்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள் என்று, தமுக்கு அடிக்கிறவரைக் கூப்பிட்டு இப்படி அறிவிக்கச் சொன்னேன்: "ஆதியில் கடலில் மீன் இல்லை. நாகர்கோவில் சார் வந்து படத்தில் காட்டுவார்." அவரும் தலையாட்டிக்கொண்டு போனார்.

ஆதி என்ற வார்த்தை அவர் காதில் விழவில்லை. ஆடி என்று விழுந்திருக்கிறது. அப்போது நடந்ததும் ஆடி மாசம். கடல் சற்று அடங்கினால் நெத்திலி அள்ளிக்கொண்டு வருகிற காலம். அவர் கடற்கரையில் அடித்ததோடு நிற்காமல், உள்நாட்டு மீன்காரர்கள் கூடுகிற ரோட்டு முக்கு வரைக்கும் போய் அடித்துச் சொல்லியிருக்கிறார்: "ஆடியில கடல்ல மீனில்ல! படிச்ச சாரு சொல்லுதாரு! படம் போட்டுக் காட்டுதாரு!" மீன் வாங்கத் தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் வருகிறவர்கள் கேட்டார்கள். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அத்தனை பேரும் அந்த வாரம் வேறு மீன் துறைக்குத் திரும்பிவிட்டார்கள்.

அந்த வாரம்தான் கடல் வாரிக் கொடுத்தது. நான் லாந்தரோடு மத்தியானம் வண்டியை விட்டு இறங்கினேன். காற்று மூக்கைப் பிடித்து நிறுத்தியது. கரை நெடுக நெத்திலி குவியல் குவியலாகக் கிடந்தது. வாங்க ஆளில்லை. தூறல் விடாததால் உலர்த்தவும் வழியில்லை. ஆண்கள் மண்வெட்டியோடு தென்னை மூட்டில் குழி தோண்டி மீனை உரமாகப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். உயிரைப் பணயம் வைத்துப் பிடித்து வந்த மீன். தமுக்கடித்த சேதியை ஒருவர் எனக்குச் சொன்னார். ஆடி இல்லை, ஆதி, ஆதி என்று நான் குழறினேன்; அந்தக் காற்றில் எனக்கே இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. மீன் விற்கிற சவேரியம்மை என்கிற பெண் கூடையைக் கொண்டுவந்து என் காலடியில் சாய்த்தாள். வெள்ளி வெள்ளியாகச் செருப்பின்மேல் சரிந்தது.

"ஆடியில மீனில்லியா சாரே? அப்பம் இதுக்கு என்னவாம் பேரு? கொள்ளாம், நீரே படத்துல பாத்துச் சொல்லும்!"

அடுக்களைப் பிராது

லாந்தரை ஏற்றாமலே திரும்பி வந்தேன். கடற்கரையிலிருந்து கூட்டமாகப் புறப்பட்டு வருவார்கள், செக்ரட்டரி முன்னால் நிற்பார்கள், நான் லாந்தரை மேஜையில் வைப்பேன், மாமா எஸ்தருக்கு வேறு இடம் பார்ப்பார். வாசல் சத்தம் கேட்கும்போதெல்லாம் இதைத்தான் மனதில் ஓட்டினேன். ஒருவரும் வரவில்லை. வந்தது செக்ரட்டரியின் ஆள்தான். ஐயா கூப்பிடுகிறார் என்றான்.

செக்ரட்டரி சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். மரவள்ளிக் கிழங்கும் வெறும் புளிக்குழம்பும். மீனில்லாமல் ஒரு வாய் இறங்காத மனுஷர் என்று ஊருக்கே தெரியும். அவர் கிழங்கைப் பிட்டு, குழம்பில் தொட்டு, வாயில் போடாமல் திரும்ப இலையிலேயே வைத்தார்.

"எந்த ஊர்லயிருந்தும் புகார் வரல்ல தம்பி. எங்க அடுக்களையில இருந்துதான் வந்திருக்கு. நெத்திலிக்காரி வாரம் பூரா எட்டிப் பாக்கல்ல, ஆடியில மீனில்லன்னு ஒரு படிச்சவன் சொன்னானாம். அந்தப் படிச்சவன் ஆரு தம்பி?"

மீனில்லாத கடல்

நான்தான் என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். தன் வீட்டுப் புகாரை மட்டும் வைத்து ஒருவனை நீக்குவது முறையில்லை என்று செக்ரட்டரியே சொன்னார். நாளை நானும் வருகிறேன், அந்த ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே கேட்கிறேன், ஒரு வாய் குறை சொன்னாலும் வேலை இல்லை என்றார். மறுநாள் பொழுது அடைகிற நேரம் இரண்டு தென்னைக்கு நடுவில் துணி கட்டினோம். மழை விட்டிருந்தது. ஜனங்கள் வந்து மணலில் உட்கார்ந்தார்கள். புதைத்த மீனின் வாடை இன்னும் போகவில்லை. நான் ஆதிக்கும் ஆடிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு படங்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். பஞ்சு, கடல்சொறி, மும்மடலன், கடிபட்ட ஓடு. பிறகு அந்த நீலக் கடல். எங்கே பார்த்தாலும் ஊர்வதும் மிதப்பதுமாக இருக்கிறது, ஒரு மீன் இல்லை. பயத்தில் அதைச் சட்டென்று எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

எல்லாம் முடிந்தது. செக்ரட்டரி எழுந்து, இந்தச் சாரால் உங்களுக்கு நஷ்டம் வந்தது தெரியும், பிராது உள்ளவர்கள் பயப்படாமல் சொல்லலாம் என்றார். யாரும் எழுந்திருக்காததால், தப்பித்தோம் என்று நான் படப் பெட்டியை மூடப் போன நேரத்தில் சவேரியம்மை எழுந்தாள். ஒரு பிராது உண்டும் என்றாள். தலையில் இடி விழுந்த மாதிரி லாந்தரைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற கட்டுமரக்காரர் ஒருவர் மெதுவாக என்னிடம், போன ஆடியில் கடலுக்குப் போன அவள் புருஷன் வரவில்லை, கட்டுமரம் மட்டும்தான் கரைக்கு வந்தது என்றார். அவள் செக்ரட்டரியைப் பார்த்துப் பேசவில்லை, வெறும் துணியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இந்த சாரு படத்த வேகம் வேகமா மாத்தியாரு. மீனில்லாத கடலுன்னா ஒரு மரமும் எறங்காது, ஒருத்தியும் கரையில நிண்ணு பாத்துக்கிட்டு இருக்க மாட்டா. அத இன்னும் கொஞ்சம் நேரம் வைக்கச் சொல்லும் ஐயா, நான் பாக்கணும்."

கண்ணாடி சூடேறி விரிசல் விடும்வரை நான் அந்தப் படத்தை எடுக்கவில்லை, எடு என்று செக்ரட்டரியும் சொல்லவில்லை. அப்புறம் வேலை நிரந்தரமாயிற்று, எஸ்தரும் வந்தாள், ஆனால் மீனில்லாத கடல் எப்படி இருக்கும் என்று காட்டத்தான் இந்தப் பிரசங்கியிடம் அதற்குப் பிறகு படமில்லை.